பெயிண்ட் வாளிக்கு எத்தனை ஓட்டை

என் தங்கை கிள்ளானிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்து கொடுத்தாள். முழங்கால் உயரம், நல்ல துளிர். வீட்டுக்காரர் ஒரு பழைய பெயிண்ட் வாளியை எடுத்தார். ஆணியைக் காய்ச்சி அடியில் மூன்று ஓட்டை போட்டு, மூன்று விரல் உயரத்துக்கு ஜல்லிக்கல் பரப்பி, மேலே பின்புறத்துச் செம்மண்ணை நிரப்பினார். "இனிமே தண்ணி நிக்காது பாரு" என்றார்.

ஏழாவது வாரம் இலை மஞ்சளடித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நான் இன்னும் ஊற்றினேன். பத்தாவது வாரம் தண்டைப் பிடித்து லேசாக இழுத்ததற்கே கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துத் தோல் கழன்றிருந்தது. வாளியைக் கவிழ்த்தேன். அடிமண் சாம்பல் நிறத்தில் களியாக இருந்தது, சாக்கடை வாடை வேறு. ஆனால் அதற்குக் கீழே இருந்த கல் காய்ந்து சுத்தமாக இருந்தது. மண் ஊறிக் கிடக்கிறது, அதற்கு அடியில் இருக்கும் கல் காய்ந்திருக்கிறது! தண்ணீர் கீழேதானே இறங்க வேண்டும்?

இதை உங்கள் சமையலறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்கையாக வையுங்கள். கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது அதைப் பிழியாமல் நீளவாக்கில் நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். அது நின்றதும் குறுகிய பக்கம் கீழே வரும்படி செங்குத்தாக நிறுத்துங்கள், இன்னும் சொட்டும். பஞ்சும் அதே பஞ்சு, தண்ணீரும் அதே தண்ணீர், உயரம் மட்டும்தான் மாறியது. மண்ணும் இப்படித்தான். அதன் சின்னச் சின்னத் துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அடியில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும், எத்தனை ஓட்டை இருந்தாலும், ஊறியே இருக்கும். அந்த உயரம் மண்ணைப் பொறுத்தது. கல்லைப் போட்டால் அந்த ஊறல் காணாமல் போகாது, கல்லுக்கு மேலே ஏறி உட்காரும். 30 சென்டிமீட்டர் ஆழ வாளியில் அடி 8 சென்டிமீட்டர் ஊறி நிற்கும் மண் என்று வையுங்கள். 5 சென்டிமீட்டர் கல் போட்டால் மிச்சம் 25 சென்டிமீட்டர்தான் மண், அதிலும் அதே 8 ஊறித்தான் நிற்கும். வேருக்கு இருந்த நல்ல இடத்தை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

அதனால் கல் வேண்டாம். ஒரே அளவு மண்ணுக்கு, அகலமான தொட்டியைவிட உயரமான தொட்டி நல்லது.

எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தைக்கு (2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், எங்கள் வாய்க்கு இன்னும் பழசுதான் வருகிறது) வெளியே உள்ள ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் நர்சரி வேலை செய்தவள் நான். 19 வருடம் பை நிரப்பினேன். 6-க்கு 9 அங்குலச் சின்னப் பையில் கன்று மூன்று மாதம் இருக்கும், பிறகு 15-க்கு 18 அங்குலப் பெரிய பையில் ஒரு வருடம் போல. அந்தப் பைகளில் கீழ்ப்பாதியில் பக்கவாட்டிலும் வரிசையாக ஓட்டை இருக்கும். ஓட்டை குத்தாத பைக்கட்டு வந்தால் மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒரு பையைக்கூட நிரப்ப விடமாட்டார், ஸ்டோருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். மழையில் தரை பள்ளமாகித் தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்ற பைகளில் கன்று முதலில் மஞ்சளாகும். நாங்கள் உடனே தூக்கி மேட்டில் வைப்போம். ஏன் என்று அப்போது கேட்டதில்லை. கூலிக்குத் தூக்கினோம், அவ்வளவுதான்.

ஏன் என்றால் வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் துளைகளில் காற்று இருந்தால் ஆக்சிஜன் சுலபமாக உள்ளே போகும். அதே துளையில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அது கிட்டத்தட்ட 10,000 மடங்கு மெதுவாகத்தான் நகரும். தண்ணீர் அதிகமாகிச் செடி செத்தது என்கிறோம், உண்மையில் அது மூச்சுமுட்டிச் சாகிறது. இலை வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம், நான் ஊற்றிய மாதிரி.

சரி, வேலைக்கு வருவோம்.

வாளித் தொட்டி

18 அல்லது 20 லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் வாளி போதும். வீடு பூசுகிறவர்களிடம் கேட்டால் சும்மாவே தருவார்கள். உள்ளே ஒட்டிய பெயிண்ட்டை ஈரத்தோடு கழுவாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் ஓரத்தில் நகத்தால் கிளப்பிப் பாலாடை மாதிரி முழுசாக உரித்து எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீர்.

தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. பூச்சிமருந்தோ களைமருந்தோ வந்த தோங்கில் (பீப்பாயில்) எந்தச் செடியும் வைக்காதீர்கள், எத்தனை தரம் கழுவினாலும் சரி. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய தோங் இன்னும் பல வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறது. களைக்கொல்லி இருந்த பாத்திரத்தில் சிலி பாடி மிளகாய் வளர்த்துச் சம்பல் அரைக்கும் ஆசை எனக்கு இல்லை.

ஓட்டை போட டிரில்தான் நல்லது. ஆணியைக் காய்ச்சிக் குத்தினால் பிளாஸ்டிக் புகை மூக்கில் ஏறும், ஓட்டையும் உருகி மறுபடி பாதி அடைத்துக்கொள்ளும். 8 அல்லது 10 மில்லிமீட்டர் முனை போதும். வாளியை ஒரு பலகைமேல் கவிழ்த்து, அழுத்தாமல், டிரில்லை அதன் போக்கில் விடுங்கள். அழுத்தினால் பிளாஸ்டிக் கீறிக்கொள்ளும்.

அடியில் 12 ஓட்டை. எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். வாளியைக் கவிழ்த்து அடிப்பாகத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுற்றி ஒரு விளிம்பு இருக்கும், நடுவில் கொஞ்சம் பள்ளம். அந்த விளிம்பு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்ததும் அடி ஓட்டைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் போகிறது. உள்பக்கம் அடி கொஞ்சம் மேடாக இருந்தால் ஓரத்தில் ஒரு வாய்க்கால் மாதிரித் தண்ணீர் நிற்கும். அதனால் பக்கச் சுவரில், உள் அடித்தளத்தை ஒட்டி, சுற்றிலும் 8 ஓட்டை போடுங்கள். வடிவதற்கு அதுதான் உயிர். ஒரே ஒரு வரிசை ஓட்டைதான் போடுவேன் என்று அடம்பிடித்தால் இந்த வரிசையைப் போடுங்கள்.

அதற்கு மேலே போடுவது காற்றுக்கு. நான்கு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாக, கோலப்புள்ளியில் ஊடுபுள்ளி வைப்போமே, அந்த மாதிரி ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசை ஓட்டை வரவேண்டும். வாளியின் மேல் 8 சென்டிமீட்டரை மட்டும் முழுசாக விட்டுவிடுங்கள். அங்கேயும் குத்தினால் ஊற்றுகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும்.

இந்தப் பக்க ஓட்டைகள் இன்னொரு வேலையும் செய்கின்றன. மூடிய வாளியில் வேர் சுவரை முட்டியதும் வளைந்து வளைந்து சுற்றும். மாற்றி நடப் பிடுங்கினால் இடியப்பம் மாதிரி வாளியின் வடிவத்திலேயே வரும், தரையில் வைத்தாலும் அந்தச் சுற்று பல நாள் விடாது. ஓட்டையில் வேர்நுனி வெளிக்காற்றைத் தொட்டதும் காய்ந்து நின்றுவிடும். நின்ற இடத்துக்குப் பின்னால் கிளைவேர் பிரியும். துளிரைக் கிள்ளினால் செடி கிளைப்பது போலத்தான். உள்ளே சன்ன வேர் நிறைய வரும்.

மண் சிந்தாமல் இருக்க உள்ளே ஒரு சுற்று நிழல்வலை. நர்சரியில் கட்டும் கறுப்பு வலையின் கிழிந்த துண்டு போதும். அடியில் துணி, பஞ்சு, நாளிதழ் எதுவும் வைக்காதீர்கள், ஓட்டையை அடைப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

ஒரு குறை சொல்லிவிட வேண்டும். இந்த வாளி சீக்கிரம் காயும். மழை இல்லாத நாளில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும், அதுவும் மெதுவாக, இரண்டு தவணையாக. வாரக்கடைசியில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் தங்குகிறவர்கள் காற்றோட்டையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறமும் பாருங்கள். கறுப்பு வாளி மேற்கு வெயிலில் சிமெண்டுத் தரையில் இருந்தால் உள்ளே மண் கொதிக்கும். 40 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான செடிகளின் வேர் கெட ஆரம்பித்துவிடும். வெள்ளை வாளிக்கு இந்தக் கவலை குறைவு.

உமிச் சிமெண்டுத் தொட்டி

பழைய துண்டைச் சிமெண்டுக் கரைசலில் முக்கி வாளிமேல் போர்த்திச் செய்யும் தொட்டியை நிறையப் பேர் செய்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் சுவர் மூச்சு விடாது, அடியில் ஓட்டை போடவும் மறந்துவிடுகிறார்கள். நான் செய்வது வேறு.

சிமெண்டு 2 பங்கு, சுட்ட உமி 3 பங்கு, தென்னைநார்த் தூள் 3 பங்கு. மைலோ டின்னால் அளந்தாலும் சரி, எதனால் அளந்தாலும் சரி, பங்கு மாறக் கூடாது. எங்களுக்குத் தஞ்சோங் காராங் வயல்பக்கம் தூரமில்லை என்பதால் உமிக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் செடிக்கடையில் செக்காம் பாக்கார் என்று கேளுங்கள், மூட்டையாகவே கிடைக்கும். பச்சை உமி வேண்டாம், சிமெண்டு ஒழுங்காகப் பிடிக்காது. நார்த் தூளையும் அப்படியே போடாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் தேத்தண்ணீர் நிறத்தில் சாறு வரும். அந்தச் சாறும் சிமெண்டை இறுகவிடாது. சாறு வெளுக்கும்வரை மூன்று நான்கு தரம் பிழியுங்கள்.

கையுறை கட்டாயம். வெறுங்கையால் பிசைந்தால் சிமெண்டு தோலைத் தின்னும். முதலில் காய்ந்த சிமெண்டும் உமியும், பிறகு நார்த் தூள், கடைசியில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வரவேண்டும், கையை விரித்தால் பிடி கொழுக்கட்டை மாதிரி உடையாமல் இருக்க வேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம், தொட்டி பின்னால் வெடிக்கும்.

அச்சுக்கு இரண்டு வாளி. பெரியதன் உள்பக்கமும் சின்னதன் வெளிப்பக்கமும் சமையல் எண்ணெய் தடவுங்கள். இரண்டுக்கும் நடுவில் சுற்றிலும் மூன்று விரல் இடைவெளி வரவேண்டும். எனக்கு ஒரு தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கலவை பிடிக்கிறது. ஓட்டைக்குப் பப்பாளி இலைக்காம்பு. அதை இடைவெளியின் அளவுக்கு வெட்டி அடியில் ஐந்து துண்டு நிறுத்துங்கள், சுற்றிலும் கலவையைத் திணியுங்கள். பிறகு உள்வாளியை மணல் நிரப்பி நடுவில் இறக்குங்கள். மணல் இல்லாவிட்டால் திணிக்கத் திணிக்க உள்வாளி மேலே கிளம்பிவரும். சுவரை நிரப்பும்போது நடுநடுவே காம்பைப் படுக்கையாகச் செருகிக்கொண்டே வாருங்கள், ஒரு முனை உள்வாளியையும் மறுமுனை வெளிவாளியையும் தொடவேண்டும். ஒரு குச்சியால் குத்திக் குத்தி இறுக்கினால் பொந்து விழாது.

பிளாஸ்டிக்கால் மூடி நிழலில் இரண்டு நாள். பிறகு உள்வாளியைத் திருகி எடுத்து, வெளிவாளியைக் கவிழ்த்துத் தட்டுங்கள். காம்பு சுருங்கி இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் தள்ளினால் விழுந்துவிடும். தொட்டியை மறுபடி ஈரச் சாக்கில் சுற்றி இன்னும் ஒரு வாரம் நிழலில். காயவைத்தால் சிமெண்டு இறுகும் என்று நினைப்பது தப்பு, ஈரத்தில்தான் அது இறுகும்.

இப்போது செடி வைக்கலாமா? கூடாது. புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு கசியும். கறிவேப்பிலையும் மல்லியும் கொஞ்சம் புளிப்பான மண்ணை விரும்புகிறவை, சுண்ணாம்பு ஏறினால் துளிர் வெளுத்துவிடும். தொட்டியை மழையில் போட்டுவிடுங்கள், நம் ஊர் மழை நன்றாகவே கழுவும். வாரம் ஒருமுறை ஒரு ராத்திரி தோங்குத் தண்ணீரில் முக்கி வைத்து, காலையில் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். ஆரத்தி எடுக்கும் தண்ணீர் ஏன் சிவக்கிறது? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால். இங்கேயும் அதே கணக்கு. சிவந்தால் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. என் முதல் தொட்டி முதல் வாரம் அசல் ஆரத்தியாகவே சிவந்தது. பக்கத்து வீட்டு மருமகள் எட்டிப் பார்த்து, "என்ன அத்தை, வாளிக்குத் திருஷ்டியா?" என்று கேட்டாள். மூன்றாம் வாரம் செம்மஞ்சள். ஐந்தாம் வாரம் வெறும் மஞ்சள். அன்றைக்கு மண் போட்டேன்.

உரச் சாக்கில் வைக்கிறவர்களும் உண்டு. காற்றுக்குக் குறையில்லை, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையை உருவிவிட்டால் போதும். ஆனால் வெயிலில் நெய்த நூல் தூளாகிவிடும், தூக்கும்போது கையோடு கிழியும். ஒரு பருவச் சேனைக்கோ இஞ்சிக்கோ சரி. கோணிச்சாக்கு நம் ஈரத்தில் இன்னும் சீக்கிரம் மக்கும்.

மண்

தொட்டி எப்படி இருந்தாலும் வெறும் செம்மண்ணைப் போட்டால் என் முதல் கதைதான். நர்சரிகளில் மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல் என்று கலப்பார்கள். அதில் மண் ஒரு பங்கைக் குறைத்துச் சுட்ட உமி ஒரு பங்கு சேர்ப்பது என் வழக்கம். மணல் ஆற்றுமணலாக, பரும்பரும்பாக இருக்கட்டும். சன்ன மணல் களியோடு சேர்ந்தால் செங்கல் மாதிரி இறுகும்.

கலவை சரியா என்று கண்ணால் சொல்ல முடியாது, அளந்துவிடலாம். 5 லிட்டர் கலவை பிடிக்கும் தொட்டியின் ஓட்டைகளை டேப் போட்டு அடையுங்கள். கலவையை நிரப்பித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், மேலே மினுமினுக்கும்வரை. ஒரு மணி நேரம் விட்டு, இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றுங்கள். பிறகு ஒரு பேசினுக்கு மேலே தூக்கிப் பிடித்து டேப்பைப் பிய்த்துவிடுங்கள். வடிந்த தண்ணீரை அளந்தால் அதுதான் வடிந்தபின் மண்ணில் காற்று நிற்கும் இடம். 5 லிட்டருக்கு அரை லிட்டர் என்றால் 10 சதவீதம், ஒரு லிட்டர் என்றால் 20 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டுச் செம்மண் கால் லிட்டர்தான் கொடுத்தது, 5 சதவீதம். உமி சேர்த்த கலவை 800 மில்லி. வீட்டுக்காரர் நம்பாமல் பேசின் தண்ணீரை மறுபடி அளந்து பார்த்தார்.

காலும் தட்டும்

தொட்டியை நேராகத் தரையில் வைக்கக் கூடாது. பழைய கித்தா (ரப்பர்) மரத்துப் பால் பிடிக்கும் மங்கு எங்கள் வீட்டில் ஒரு சாக்கு கிடக்கிறது, என் அம்மா பால்வெட்டுக்குப் போன காலத்துப் பீங்கான் மங்கு. மூன்றைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் தொட்டியை வைக்கிறேன். கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், நிமிர்த்தினால் மூன்று கொசுத்தொட்டி ஆகிவிடும். மங்கு இல்லாதவர்கள் உடைந்த கூரையோட்டுத் துண்டையோ செங்கல் துண்டையோ வைக்கலாம். கீழே விரல் நுழையும் இடம் இருந்தால் போதும்.

அடியில் தட்டு மட்டும் வேண்டாம். தட்டில் நிற்கும் தண்ணீர் ஊறலை மேலே ஏற்றும் என்பது ஒன்று. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும் என்பது இன்னொன்று. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் எழுதுவார்கள். ஒரு தட்டின் விலை இரண்டு வெள்ளி.

இப்போது இருக்கும் கறிவேப்பிலை தங்கை கொடுத்த இரண்டாவது கன்று, உமிச் சிமெண்டுத் தொட்டியில். காலையில் பக்க ஓட்டைக்குள் பார்ப்பேன். நுனி காய்ந்து பழுப்பாகவும் அதற்குக் கொஞ்சம் உள்ளே புது வேர் வெள்ளையாகவும் தெரிந்தால் அன்றைக்கு ஒரு வாளி தண்ணீர். வெள்ளை நுனியே காணாமல் எல்லாம் பழுப்பாக இருந்தால் ஒன்றரை. ஓட்டை வாயிலேயே மண் பளபளவென்று ஈரமாக இருந்தால் எதுவும் ஊற்றாமல் உள்ளே வந்து தேத்தண்ணி போட்டுவிடுவேன்.